கருவையைப் பிடுங்கினால் கண்மாய் நிறையுமா?

சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிவிட்டால் தென் மாவட்டங்களின் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. கல்லூரி மாணவர்கள் அரிவாளோடு கிளம்புகிறார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் ஜேசிபி வாடகைக்குப் பணம் அனுப்புகிறார்கள். நீதிமன்றம் கெடு விதிக்கிறது. இப்படி எல்லோரும் ஒரே குரலில் பேசுகிற விஷயத்தில் கணக்குக் கேட்க ஆள் இருப்பதில்லை. அந்தக் கணக்கைக் கேட்பதற்காகவே இந்தக் கட்டுரை.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுவோம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகளுக்கு உரிய இந்த மரத்தின் விதை 1877இல் ஜமைக்காவிலிருந்து வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் வனத்துறை அதை விதைத்தது. காமராஜர் ஆட்சியில் வந்த மரம் என்று திண்ணையில் பேசப்படுவது முக்கால் நூற்றாண்டு பிந்திய கதை. ஆனால் விடுதலைக்குப் பிறகும் விறகுக்காக, வேலிக்காக, அரசாங்கமே இதைப் பரப்பியது உண்மை. இன்று கண்மாய் உள்வாய், வரத்துக்கால், மேய்ச்சல் புறம்போக்கு, தரிசு எல்லாவற்றையும் அது பிடித்துக்கொண்டது. அதன் அடியில் புல் முளைப்பதில்லை. வேர் ஆழமாக இறங்கித் தண்ணீரை இழுக்கிறது. ஆங்காங்கே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால் மிச்சமிருக்கும் மரத்தின் விதை மீண்டும் பரவிவிடும். ஆகவே எல்லா இடத்திலும் ஒரே மூச்சில், கெடு வைத்து, இயந்திரம் கொண்டு பிடுங்க வேண்டும். இதுதான் வாதம். முட்டாள்தனமான வாதம் இல்லை. 2017 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் போர்க்கால வேகத்தில் இந்த மரத்தை அகற்றச் சொன்னதும் இதே நியாயத்தில்தான்.

நான் இந்த மரத்துக்கு வக்கீல் இல்லை. கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் புல்வெளியை இது தின்றுகொண்டிருக்கிறது. அந்த மான்களே இதன் நெற்றைத் தின்று விதையைப் பரப்பவும் செய்கின்றன. நோய் இருப்பதை நான் மறுக்கவில்லை. நோயைப் பற்றிச் சொல்லப்படும் காரணமும் அதற்குத் தரப்படும் மருந்தும் தவறு என்பதே என் வழக்கு.

1. பொய்யில் கட்டிய இயக்கம் நிற்குமா?

சீமைக்கருவேலம் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிவிடும். கரியமில வாயுவை அதிகம் விட்டு, உயிர்க்காற்றைக் குறைவாக விடும். அதில் எந்தப் பறவையும் கூடு கட்டாது. அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும். கேரளாவில் ஒரு மரம்கூட விடாமல் ஒழித்துவிட்டார்கள். இந்த ஐந்தும் வாட்ஸ்அப்பில் சுற்றி, மேடையில் ஏறி, துண்டறிக்கையில் அச்சாகியவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்லா மரத்தையும் போல இதுவும் இலை வழியாக ஈரத்தை வெளியே விடுகிறது. நிலத்தடி நீருக்கு அது கேடு என்றால் காரணம், வேர் உறிஞ்சிய நீர் இலை வழியே காற்றில் போய்விடுவதுதான். காற்றின் ஈரத்தை அது குடிக்கிறது என்பவர் தம் வாதத்தையே தலைகீழாக்கிக்கொள்கிறார். வேகமாக வளரும் மரம் கரியமில வாயுவை அதிகம் உள்ளே இழுத்தே ஆக வேண்டும். மூட்டத்தில் வெந்து மூட்டைமூட்டையாக லாரி ஏறும் கரி வேறு எங்கிருந்து வந்தது? பறவைக் கதையை நம்புகிறவர்கள் மழைக்குப் பிறகு ராமநாதபுரத்துக் கண்மாய் ஒன்றின் கரையில் நின்று கருவைக் கிளைகளில் கொக்குக் கூடுகளை எண்ணிப் பார்க்கலாம். கேரளாவில் இது பெருகாததற்குக் காரணம் ஒழிப்பு இயக்கம் இல்லை, அந்த ஊர் மழை. இது வறண்ட நிலத்துச் செடி.

மாடு விஷயத்தில் உண்மை வேறு மாதிரிக் கொடுமையானது. நிழல் எதுவும் செய்யாது, நெற்றுதான் செய்யும். புல் இல்லாமல் நெற்றை மட்டுமே தின்று வாழும் மாட்டுக்குத் தாடைத் தசை கெட்டு, அசைபோட முடியாமல் மெலிந்து சாகும். இந்த உண்மையைச் சொன்னால் மேய்ச்சல் நிலம் பற்றிப் பேச வேண்டியிருக்கும். மலட்டுக் கதைக்கு அந்தத் தொல்லை கிடையாது. பொய்யின் சேதம் இங்கேதான்: பயம் காட்டிக் கூட்டம் சேர்க்கலாம், அரிவாளைத் தூக்க வைக்கலாம். ஆனால் அந்தப் பயம், வெட்டிய மறுநாள் என்ன செய்வது என்று யாருக்கும் கற்றுத் தருவதில்லை.

2. கண்மாய் காய்ந்ததால் கருவை வந்ததா, கருவை வந்ததால் கண்மாய் காய்ந்ததா?

வருடத்தில் சில மாதமாவது ஆளுயரத் தண்ணீர் நிற்கும் கண்மாயில் கருவைக் கன்று முழுகிச் செத்துவிடும். அது உள்வாய் முழுக்கக் காடாக நிற்கிறது என்றால், பல வருடங்களாக அங்கே தண்ணீர் நிற்கவில்லை என்று பொருள். ஏன் நிற்கவில்லை? மணல் அள்ளி அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்து, பல இடங்களில் வரத்துக்காலின் வாய் மேட்டில் தொங்குகிறது. வரத்துக்கால் மேல் வீடும் சாலையும் வந்துவிட்டன. மடை உடைந்து கிடக்கிறது. குடிமராமத்து ஊர் வழக்கத்திலிருந்து போய், ஒப்பந்தப் புள்ளியாகத் திரும்பி வந்திருக்கிறது. ஆழ்துளைக் கிணறு வந்ததும் ஆயக்கட்டுக்காரருக்குக் கண்மாய் மேல் அக்கறை போயிற்று. இத்தனை பேர் செய்ததற்கும் பழியை வாய் பேசாத ஒரு மரத்தின் தலையில் கட்டுவது எல்லோருக்கும் வசதி. மரம் ஓட்டுப் போடாது, ஆக்கிரமிப்பு வழக்கில் தடையாணை வாங்காது.

அப்படியானால் மரம் தண்ணீரே குடிப்பதில்லையா? குடிக்கிறது, கணிசமாகவே. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் அளந்து பார்த்தார்கள். ஒரு மரம் நாளொன்றுக்கு 1 முதல் 36 லிட்டர் வரை எடுக்கிறது. சராசரி 7 லிட்டர். அங்கே 11.8 லட்சம் ஹெக்டேரில் பரவிய மரங்கள் ஆண்டுக்கு 310 முதல் 330 கோடி கன மீட்டர் நீரைக் காலி செய்கின்றன என்று மதிப்பிட்டார்கள். வகுத்தால் ஹெக்டேருக்குச் சுமார் 2,700 கன மீட்டர், அதாவது 270 மில்லிமீட்டர் மழை. ராமநாதபுரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் பெய்கிறது. அந்த ஊர் அளவு அப்படியே இந்த ஊருக்குப் பொருந்தாது; என்றாலும் அலட்சியப்படுத்தக் கூடிய எண் இல்லை இது.

ஆனால் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: மரம் போன இடத்தில் எது வரப்போகிறது? நெல் வந்தால் அது இதைப் போலப் பல மடங்கு நீர் கேட்கும். தைல மரம் வந்தால் பழைய கதைதான். எதுவும் வராமல் வெறும் தரையாகக் கிடந்தால் வெயில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அடுத்த மழையில் கருவையே திரும்பி வரும். அகற்றியதால் மிச்சமாகும் நீரின் அளவை முடிவு செய்வது அந்த இடத்தில் அடுத்து வளர்வது. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத திட்டத்தைத் தண்ணீர்த் திட்டம் என்று அழைக்க முடியாது.

3. கெடு வைத்தால் விதைக்குக் கேட்குமா?

இந்த மரத்தை வெட்டுவது சுலபம், சாகடிப்பது கஷ்டம். தரையோடு அறுத்தால் மண்ணுக்குள் இருக்கும் கழுத்துப் பகுதியிலிருந்து மொட்டு வெடிக்கும். ஒரு தண்டு நின்ற இடத்தில் நாலைந்து தண்டு, முன்பைவிட அடர்த்தியாக. தூரோடு தோண்டினாலும் விதை இருக்கிறது. மஞ்சள் நெற்றின் சதை இனிப்பு. ஆடு, மாடு, கழுதை எல்லாம் தேடி வந்து தின்னும். உள்ளே இருக்கும் விதைக்குக் கெட்டியான ஓடு. மாட்டின் வயிற்றில் அந்த ஓடு இளகுமே தவிர விதை சாகாது. சாணத்தையே உரமாக வைத்துக்கொண்டு வேறோர் ஊரில் முளைக்கும். தின்னப்படாத விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

இப்போது ஜேசிபி செய்வதைப் பாருங்கள். மரத்தைப் பெயர்க்கும்போது உள்வாய் மண்ணைக் கிளறி, அடியில் கிடந்த விதைக்கு வெளிச்சமும் இடமும் தருகிறது. கரைமேல் நின்ற மரத்தைப் பிடுங்கினால் கரையும் தளர்கிறது. ஓட்டுநருக்கு மணிக்கணக்கில் வாடகை. சீமைக்கருவேலம் எது, நாட்டுக் கருவேலம் எது, உடை எது என்று பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை. முள் இருப்பதெல்லாம் போகிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தால், சக்கரத் தடம் பதிந்த பள்ளங்களில் வரிசை பிடித்தாற்போல விரல் உயரக் கன்றுகள் நிற்கும். கையாலேயே பிடுங்கிவிடக்கூடிய பருவம் அது. அப்போது அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். பட்டியல் பணம் பாஸாகி, திறப்பு விழாப் படமும் நாளிதழில் வந்து முடிந்திருக்கும். ஒருமுறை களையெடுத்துவிட்டு அறுவடை வரை வயல் பக்கம் எட்டிப் பார்க்காத சம்சாரியை ஊர் என்ன சொல்லும்?

2017இன் கெடு என்ன ஆயிற்று? அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை முதன்மை அமர்வு அகற்றும் பணிக்கு இடைக்காலத் தடை போட்டது. 2022இல் அதே உயர் நீதிமன்றம் அதே மரத்தைப் பற்றி மீண்டும் அரசைக் கேட்டுக்கொண்டிருந்தது. 1995இல் தொடங்கிய தென்னாப்பிரிக்காவின் ‘தண்ணீருக்காக உழைப்பு’ திட்டம் ஏழைகளுக்குக் கூலி கொடுத்து இதே இன மரங்களை வெட்டியது. நம்மைவிட நிதியும் அறிவியலும் அங்கே அதிகம். ஆண்டுக்கணக்கில் விடாமலும் செய்தார்கள். அப்படியும் மரம் பரவும் வேகத்தை வெட்டும் வேகம் எட்டிப் பிடிக்கவில்லை. பதினைந்து நாளிலும் ஒரு மாதத்திலும் முடிப்போம் என்கிறவர்கள் எந்தத் தைரியத்தில் சொல்கிறார்கள்?

4. ‘அப்படியானால் விட்டுவிடுங்கள்’ என்பது மட்டும் நியாயமா?

ஒழிப்புக்காரர்களை மறுத்தவுடன் இன்னொரு தரப்பு கை தட்டும். ஏழையின் அடுப்பு இந்த மரத்தில்தான் எரிகிறது, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ, ஆகவே தொடாதீர்கள் என்பார்கள். அவர்கள் சொல்லும் உண்மையைக் குறைத்துப் பேசக் கூடாது. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் மழை பொய்த்த வருடத்தில் சோறு போடுவது இந்த மரம். விறகைக் கோபுரமாக அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, மேலே ஈரமண் பூசித் தீ வைக்க வேண்டும். இரவும் பகலும் பக்கத்தில் இருந்து, புகையின் நிறம் பார்த்து ஓட்டையைத் திறக்கவும் அடைக்கவும் வேண்டும். கொஞ்சம் அசந்தால் மூட்டம் சாம்பலாகும். அந்த வேலை செய்யும் பெண்ணின் கையிலிருந்து மரத்தை ஒரே வாரத்தில் பிடுங்கி ஏலதாரரிடம் கொடுக்கும் எந்த இயக்கமும் அவரிடம் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் பிழைப்புத் தருகிறது என்பது மட்டும் ஒரு மரத்துக்குப் பட்டா ஆகாது. வரவை எண்ணுகிறவர்கள் செலவையும் எண்ண வேண்டும். கட்ச் மாவட்டத்தின் பன்னி புல்வெளியைப் பாருங்கள். உப்புப் பாலை முன்னேறாமல் தடுக்க 1960களின் தொடக்கத்தில் வனத்துறை அங்கே இதை விதைத்தது. இப்போது மால்தாரி மேய்ப்பர்கள் இதைப் ‘பைத்தியக் கருவை’ என்கிறார்கள். பேர்பெற்ற காங்கிரேஜ் மாடுகள் நெற்றைத் தின்று செத்தன, எருமை தாக்குப்பிடித்தது, மேய்ப்பர்கள் எருமைக்கு மாறினார்கள். கரி சுடத் தடை 2004இல் நீங்கி, 2008இல் மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் கரி மலையாகக் குவிந்தும் மரம் ஒழியவில்லை. காரணம் எளிது: கரிக்காரருக்குத் தண்டு போதும், தூரைத் தோண்டுவது வீண் கூலி. அடுத்த அறுப்புக்குத் தூர் இருந்தால்தான் அவருக்கு லாபம்.

கென்யாவின் பாரிங்கோ ஏரிக்கரையில் 1980களில் வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் இதே மரத்தை நட்டார்கள். இல்சாமுஸ் இன மேய்ப்பர்கள் அரசின் மேல் வழக்குப் போட்டு, இனிப்பு நெற்றைத் தின்று தின்று பல் கொட்டிப்போன ஓர் ஆட்டை நீதிமன்றத்துக்கே சாட்சியாகக் கூட்டி வந்தார்கள். கரி விற்ற காசு ரசீதில் தெரியும். போன புல், போன பால், போன பல் எந்த ரசீதிலும் வராது. பல்லுயிர்ச் சூழலுக்கான பன்னாட்டு அறிவியல் மன்றம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களால் உலகுக்கு 2019இல் ஆன செலவு 42,300 கோடி டாலருக்கும் மேல். 1970 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை அது நான்கு மடங்காகியிருக்கிறது. அதில் 92 விழுக்காடு சேதம். தடுக்கவும் கட்டுப்படுத்தவும் செலவிட்டது 8 விழுக்காடுதான். விட்டுவிடுவதும் செலவுதான், பணம் கட்டுகிறவர் மட்டும் வேறு ஆள்.

5. வெளிநாட்டு மரம் என்பதாலா குற்றம்?

ஒழிப்பு மேடைகளில் ‘அந்நியன்’ என்ற வசை ஓயாமல் கேட்கிறது. மரம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதே குற்றமானால் மிளகாய், தக்காளி, நிலக்கடலை, மரவள்ளி, பப்பாளி எல்லாவற்றையும் கூண்டில் ஏற்ற வேண்டும். உடனே மறுபக்கத்தார், மிளகாயும் வெளிநாடுதானே, அதைப் போல இதையும் ஏற்றுக்கொண்டால் என்ன என்பார்கள். இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். மேலே சொன்ன மதிப்பீடு மனிதர்கள் இடம் மாற்றிய உயிரினங்கள் 37,000 என்கிறது. அதில் கேடு செய்பவை 3,500க்கு மேல். ஏறத்தாழப் பத்தில் ஒன்று. மிளகாய் நாம் விதைக்காத வருடத்தில் முளைப்பதில்லை. கருவை நம்மைக் கேட்பதே இல்லை. பார்க்க வேண்டியது நடத்தையை. பிறந்த ஊரை இல்லை.

இந்த வேறுபாடு பிடிபடாததால்தான் பழைய எதிரியைத் திட்டிக்கொண்டே புதிய எதிரிக்கு வாசல் திறக்கிறோம். அழகுக்கும் நிழலுக்கும் என்று கொண்டுவந்து நட்ட மஞ்சள் கொன்றை இப்போது முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் யானைக்கும் மானுக்கும் தீனி தரும் செடிகளை நெருக்கித் தள்ளுகிறது. அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் குளத்தில் வளர்கிறது, சந்தையில் விற்கிறது. 1877இல் விதையைத் தருவித்த அதிகாரியும் நல்லெண்ணத்தில்தான் செய்தார். நல்லெண்ணத்தைச் சோதிக்கும் ஏற்பாடு அன்றும் இல்லை; இன்று இருப்பதும் காகிதத்தில்.

6. வேறு வழி இல்லை என்பது உண்மையா?

தமிழ்நாடு ஆக்கிரமிப்பு உயிரினங்களை ஜெயித்ததே இல்லை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். சப்பாத்திக்கள்ளி ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் தரிசுகளை அடைத்துக் கிடந்தது. 1926இல் இலங்கை வழியாக ஒரு செதில் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் கள்ளிக்காடு கரைந்தது. 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களை வெள்ளையடித்தாற்போல மூடியது. மருந்தடித்துப் பார்த்து உழவர்கள் ஓய்ந்தார்கள். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த ஒரு குட்டிக் குளவி அந்தப் பூச்சியை அடக்கியது. இரண்டிலும் யாரும் கெடு வைக்கவில்லை, யாரும் அரிவாளோடு படம் எடுத்துக்கொள்ளவில்லை. எதிரியின் வாழ்க்கைச் சுற்றைப் படித்தார்கள், சோதித்தார்கள், பிறகு செய்தார்கள்.

கருவைக்கு அப்படி ஒரு தயார்ப் பூச்சி கிடையாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்கா 1987 முதல் விதை தின்னும் வண்டுகளை விட்டுப் பார்க்கிறது. வண்டு நெற்றை எட்டுவதற்கு முன்பே ஆடு எட்டிவிடுகிறது. ஆகவே இங்கே கை வேலைதான், மெதுவான வேலைதான். தமிழக அரசு 2022இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கும் வாழிட மீட்புக்கும் சேர்த்து ஒரு கொள்கை வெளியிட்டது. அகற்றலோடு மீட்பையும் தலைப்பிலேயே வைத்தது சரியான திசை. அதன்படி நடக்க வேண்டுமானால் ஒப்பந்தங்களின் வடிவம் மாற வேண்டும். முதலில் வரத்துக்காலும் கண்மாயும் கோடியக்கரை போன்ற புல்வெளிகளும். தனியார் தரிசு பிறகு. நெற்று பழுக்கும் முன் வெட்டு. வெட்டிய இடத்தில் குறைந்தது மூன்று மழைக்காலம் கன்று பிடுங்கும் கூலி, அதுவும் நூறு நாள் வேலையிலோ கரிமூட்டக் குழுக்களின் பொறுப்பிலோ. தூரைத் தோண்டினால்தான் தண்டு சொந்தம் என்ற நிபந்தனை. வெட்டிய இடத்தில் புல்லும் நாட்டு மரமும் பிடிக்கும்வரை ஆட்டுக்குத் தடை. அதற்கு ஈடாக ஆட்டுக்காரருக்குத் தீவனம். வரத்துக்காலைத் தூர் வாராத கண்மாயில் மரம் வெட்ட ஒரு ரூபாய்கூட ஒதுக்கக் கூடாது.

இது மந்தமான திட்டம், மேடையில் கை தட்டல் வாங்காது என்பார்கள். வாங்காது. ஆனால் ஒரே ஊரில் ஒரே மரத்துக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஏலம் விடுவதற்குப் பெயர் ஒழிப்பு இல்லை, அறுவடை. அடுத்த முறை ஓர் அமைச்சரோ ஆட்சியரோ இத்தனை ஆயிரம் ஏக்கரில் கருவையை அகற்றினோம் என்று அறிவித்தால், நிருபர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மூன்று வருடத்துக்கு முன் அகற்றிய ஏக்கர்களில் இன்று என்ன நிற்கிறது? அந்தப் பட்டியலைக் காட்ட முடியாதவர்களிடம் புதிய ஒப்பந்தத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.